நீர் வற்றிய இடத்தில் நொதி செய்யும் வேலை

நெல் அரைவை ஆலையில் தவிடு வாங்கிப் பழகியவர் எவரும் ஒன்றைக் கவனித்திருப்பர். பச்சரிசி தீட்டிய தவிட்டைச் சாக்கில் கட்டி இரண்டு மூன்று நாட்கள் வைத்தால் காறல் வாடை வீசத் தொடங்குகிறது. புழுங்கலரிசித் தவிடு அவ்வளவு விரைவில் கெடுவதில்லை. ஒரே வயலில் விளைந்த ஒரே நெல்லாயினும் தவிட்டில் இவ்வேற்றுமை காணப்படுகிறது. தவிட்டின் விலையும், தவிட்டெண்ணெயின் தரமும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை நாடி வரும் சில புதிய தொழில் திட்டங்களின் நன்மை தீமையும் இதற்கான காரணத்தைச் சார்ந்தே இருக்கின்றன. ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

தவிட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை எண்ணெய் உண்டு. அதே தவிட்டில் லைபேஸ் என்னும் பொருளும் உண்டு. நெல்மணி முழுமையாக இருக்கும்வரை எண்ணெய் ஓர் அடுக்கிலும் லைபேஸ் வேறோர் அடுக்கிலுமாக வேலி போட்டதுபோல் பிரிந்திருக்கின்றன. அரிசியைத் தீட்டும்போது அவ்வேலி உடைகிறது. காற்றின் ஈரத்தைத் துணையாகக் கொண்டு லைபேஸ் எண்ணெயை வெட்டத் தொடங்குகிறது. வெட்டுண்ட எண்ணெய் கிளிசரினாகவும் கொழுப்பமிலமாகவும் பிரிகிறது. ஈரப்பதமுள்ள பருவத்தில் ஒரே நாளில் எண்ணெயின் அமில அளவு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை ஏறிவிடக்கூடும். நெல்லைப் புழுக்கும்போதோ, ஊறிய நெல்லில் பாயும் நீராவியின் சூடு இந்த லைபேஸை அழித்துவிடுகிறது. புழுங்கலரிசித் தவிடு பொறுத்து நிற்பதன் இரகசியம் இதுவே.

லைபேஸ் போன்ற பொருள்களை விஞ்ஞானிகள் என்ஸைம் என்பர். தமிழில் நொதி என்கிறோம். உயிருள்ளவை அனைத்தும் நொதிகளை உண்டாக்கிக்கொள்கின்றன. நாம் உண்ட சோற்றைச் செரிக்கச் செய்பவை நொதிகள். முளைகட்டி அரைத்த கேழ்வரகு மாவைச் சிறிது சேர்த்தவுடன் கெட்டியான கூழ் நீர்த்துப்போவதும் நொதியின் செயலே. நொதி ஒரு புரதம். நீண்ட நூலொன்றைக் குறிப்பிட்ட முறையில் மடித்துச் சுருட்டி வைத்தாற்போன்ற உருவம் உடையது. அந்த உருவம் உள்ளவரையில் அது வேலை செய்யும். மிகுந்த சூட்டினால் மடிப்பு குலைந்தால், வெந்த முட்டையின் வெண்கரு போல் மீளாமல் போய்விடும். வேலையைத் துரிதப்படுத்துமேயன்றித் தான் செலவாவதில்லை. ஆதலால்தான் அதனை வினையூக்கி என்கிறோம்.

உயிரின் உடலில் பெரும்பகுதி நீராதலால், நொதி நீரில்தான் வேலை செய்யும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சாராயத்திலோ பெட்ரோல் வகைத் திரவங்களிலோ இட்டால் அது கெட்டுவிடும் என்பதே பொது நம்பிக்கை. இதற்கு மாறான முடிவுகள் அவ்வப்போது வந்தனவாயினும் அவற்றை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக்ஸ், கிளிபனோவ் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுதான் அறிஞர் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த லைபேஸை அவர்கள் ஏறத்தாழ நீரே இல்லாத கரிமத் திரவத்தில் இட்டனர். நொதி வேலை செய்தது. மேலும் உலர்த்தி, நீர் கொதிக்கும் சூடாகிய 100 டிகிரி சென்டிகிரேடில் வைத்தபோதும் பல மணி நேரம் கெடாமல் இருந்ததோடு, அந்தச் சூட்டிலேயே விறுவிறுப்பாக வேலையும் செய்தது! நீரில் இருந்திருந்தால் அதே சூட்டில் அது உடனே குலைந்திருக்கும்.

உழவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. உலர்ந்த விதைநெல் குதிரில் கோடை வெப்பத்தையெல்லாம் தாங்கிக்கொண்டு அடுத்த பட்டத்தில் முளைக்கிறது. ஊறிய விதையை அதே வெப்பத்தில் வைத்தால் பாழாகிவிடும். நொதியும் அவ்வாறே. நீரில் இருக்கும்போது அதன் மடிப்புகள் நெகிழ்ந்து அசைகின்றன. அசைவு மிகுந்தால் அவிழ்ந்துவிடும். நீர் வற்றிய நிலையில் மடிப்புகள் விறைத்து இறுகிக் கிடப்பதால் சூடு அவற்றை எளிதில் அவிழ்க்க முடிவதில்லை.

ஆனால் நீர் முற்றிலும் போய்விடவும் கூடாது. நொதியின் மேனியைத் தழுவி நிற்கும் மெல்லிய ஈரப்படலம் ஒன்று வேண்டும். அது இல்லையேல் நொதி கட்டையாகிவிடும். எந்தத் திரவம் நொதிக்கு ஏற்றது என்பது இந்தப் படலத்தைப் பொறுத்ததே. சாராயம், அசிட்டோன் போன்றவை நீரோடு கலப்பவை; நறுக்கிய மாங்காயிலிருந்து உப்பு நீரை இழுப்பதுபோல நொதியின் ஈரத்தை அவை பறித்துக்கொள்ளும். ஹெக்ஸேன் போன்றவை நீரோடு சேராதவையாதலின் அந்த ஈரத்தைத் தொடுவதில்லை. இந்த ஹெக்ஸேன் நமக்குப் புதியதன்று. தவிட்டிலிருந்தும் பிண்ணாக்கிலிருந்தும் எண்ணெய் பிரிக்கும் சால்வெண்ட் ஆலைகளில் பயன்படும் திரவம் இதுவேயாகும்.

வெட்டும் கத்தி தைக்கும் ஊசியாதல்

இவ்விஷயத்தில் மிகவும் சுவையான பகுதி இனிமேல்தான் வருகிறது. லைபேஸ் எண்ணெயை வெட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது. நீர் ஏராளமாக இருக்கும் இடத்தில் வெட்டுவதே நடைபெறும். நீர் மிகக் குறைவாக உள்ள இடத்தில் அதே லைபேஸ் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பிரிந்து கிடக்கும் கொழுப்பமிலத்தையும் கிளிசரினையும் இணைத்து மறுபடியும் எண்ணெயாக்குகிறது. ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளிப்படுகிறது. வயலில் தேங்கிய நீருக்கு வடிகால் வேண்டும் என்பதுபோல இந்த நீரையும் உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும். காற்றழுத்தத்தைக் குறைத்து உறிஞ்சியோ, ஈரத்தை இழுக்கும் பொருளைச் சேர்த்தோ இதனைச் செய்கின்றனர். செய்யத் தவறினால் வேலை பாதியில் நின்றுவிடும். தவிட்டில் நம் எண்ணெயைத் திருடும் இனத்தைச் சேர்ந்த நொதியே, இடத்தை மாற்றி வைத்தால் திருடியதைத் திருப்பித் தரும் என்றால் அது வியப்பன்றோ?

அமிலம் ஏறிய தவிட்டெண்ணெயைச் சுத்திகரிக்கக் காரம் சேர்ப்பது வழக்கமான முறை. காரம் அமிலத்தைச் சோப்பாக்கிவிடுகிறது; அந்தச் சோப்பு நல்ல எண்ணெயிலும் ஒரு பங்கைத் தன்னோடு இழுத்துச் சென்றுவிடுகிறது. அமிலம் மிகுந்த எண்ணெயில் இந்த நட்டம் தாங்கமுடியாத அளவாகும். இதனாலேயே நம் நாட்டுத் தவிட்டெண்ணெயில் கணிசமான பகுதி சமையலுக்கு வராமல் சோப்புத் தொழிலுக்குப் போய்ச் சேர்ந்தது. 1980-களில் கல்கத்தாவைச் சேர்ந்த பட்டாச்சாரியா முதலிய ஆய்வாளர்கள் அமிலம் மிக ஏறிய தவிட்டெண்ணெயோடு கிளிசரினையும் லைபேஸையும் சேர்த்து, காற்றழுத்தத்தைக் குறைத்து நீரை இழுத்து, அமிலத்தின் பெரும்பகுதியை மறுபடி எண்ணெயாக்கிக் காட்டினர். அதன்பின் எஞ்சிய சிறு அளவுக்கு மட்டுமே காரம் தேவைப்பட்டது.

கட்டுத்தறியில் நொதி

நொதியைத் தூளாகவே எண்ணெயில் கொட்டினால் என்ன? அது எண்ணெயில் கரையாது; கட்டிகட்டியாகத் திரண்டு கொள்ளும். கட்டியின் உள்ளே அகப்பட்டவை வேலை செய்யா. வேலை முடிந்தபின் அதனைப் பிரித்தெடுப்பதும் தொல்லை. நொதியின் விலையோ மிக அதிகம். ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிடக்கூடிய பொருளன்று. ஆகவே கடுகு போன்ற சிறிய, நுண்துளைகள் நிரம்பிய பிசின் மணிகளின் மேல் நொதியைப் படியவைக்கின்றனர். மாட்டைக் கட்டுத்தறியில் கட்டி வைப்பது போன்றது இது. நுண்துளைகளின் உட்பரப்பு மிகப் பெரிதாதலால் நொதி மெல்லிய படலமாகப் பரவி நிற்கிறது. எண்ணெய் அதனை எளிதில் அணுகுகிறது. வேலை முடிந்ததும் மணிகளை வடிகட்டி எடுத்து மறுமுறை பயன்படுத்தலாம். அன்றேல் மணிகளை ஒரு குழாயில் நிரப்பி, எண்ணெயை ஒரு புறம் விட்டு மறுபுறம் பெற்றுக்கொள்ளலாம்.

இது பழைய கருத்து. 1916-ஆம் ஆண்டிலேயே நெல்சன், கிரிஃபின் என்ற இரு அமெரிக்கர்கள், சர்க்கரையைப் பிரிக்கும் நொதி கரித்தூளில் ஒட்டிக்கொண்ட பின்பும் வேலை செய்வதைக் கண்டனர். ஜப்பானில் தனாபே நிறுவனத்தைச் சேர்ந்த சிபாட்டாவும் அவர் தோழர்களும் 1969-இல் இம்முறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தனர். அவையெல்லாம் நீரில் நடைபெற்றவை. நீரில் ஒரு தொல்லை உண்டு: வெறுமனே ஒட்டவைத்த நொதி மெல்ல மெல்லக் கரைந்து போய்விடும், ஆதலால் அதனை இரசாயனப் பிணைப்பால் இறுகக் கட்டவேண்டியிருந்தது. எண்ணெயிலும் ஹெக்ஸேனிலும் நொதி கரையாது. எனவே ஒட்டவைத்தாலே பெரும்பாலும் போதும். நீரை விட்டு விலகியதால் கயிறும் எளிதாயிற்று.

1970-களின் பிற்பகுதியில் யூனிலீவர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பனைவகை எண்ணெயின் ஒரு பகுதியோடு ஸ்டியரிக் அமிலத்தைச் சேர்த்து, லைபேஸின் உதவியால் சாக்லேட்டுக்குரிய கோகோ வெண்ணெயை ஒத்த கொழுப்பை உண்டாக்கும் முறையைக் கண்டனர். அதற்கு அவர்கள் ஹெக்ஸேனைக் கரைப்பானாகக் கொண்டனர். ஆனால் விஞ்ஞானம் இடம் கொடுத்தாலும் சட்டம் இடம் கொடுக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணை, சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்கு மேல் சேர்க்கத்தக்க ஆறு தாவரக் கொழுப்புகளைக் குறிப்பிட்டது. நம் மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பும், குங்கிலிய இனத்ததாகிய சால் மரவிதைக் கொழுப்பும் அவற்றுள் உண்டு. நொதியால் உருமாற்றிய கொழுப்பை அந்த ஆணை விலக்கிவிட்டது! சந்தை எது என்று அறியாமல் ஆலை போடுவோர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

ஹெக்ஸேனுக்கு மாற்று

ஹெக்ஸேன் எளிதில் தீப்பற்றுவது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டிவிடும். ஆகவே வேறு கரைப்பான்களைத் தேடினர். நமது பார்வையில் இவற்றுள் சிறந்தது கரைப்பானே இல்லாமல் செய்வதுதான். வினைபுரியும் பொருள்களே திரவமாக இருந்தால் வேறொரு திரவம் எதற்கு? ஜெர்மனியிலுள்ள எவோனிக் நிறுவனம், ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறும் கொழுப்பமிலம் முதலியவற்றைக் கொண்டு, முகப்பூச்சுகளுக்கு வேண்டிய மெழுகு போன்ற பொருள்களை இவ்வாறு கரைப்பானின்றி, நொதி மணிகளால், சுமார் 60 டிகிரி சூட்டில் தயாரித்துவருகிறது. பழைய முறையில் 160 டிகிரிக்கும் மேற்பட்ட சூடு தேவை. அவ்வளவு சூட்டில் நிறமும் மணமும் கெடுவதால் பின்னர் வெளுக்கவும் வேண்டும்.

சோடாவில் நுரைக்கும் கரியமில வாயுவும் கரைப்பானாக உதவுகிறது. 31 டிகிரிக்கு மேல், காற்றழுத்தத்தைப் போல் சுமார் 73 மடங்குக்கு மேல் அழுத்தினால், அது வாயுவுமல்லாத திரவமுமல்லாத ஒரு நிலையை அடைந்து எண்ணெயைக் கரைக்கும். 1985 முதல் அதில் நொதிகளை இட்டுப் பரிசோதித்து வருகின்றனர். அழுத்தத்தைத் தளர்த்தியதும் கரைப்பான் தானே பறந்துவிடுவது இதன் பெரும் நன்மை. ஆயினும் அந்த அழுத்தத்தைத் தாங்கும் எஃகுக் கலங்களின் விலை கிராமத் தொழிலுக்குக் கட்டுபடியாகாது. உப்பாக இருந்துகொண்டே சாதாரணச் சூட்டில் திரவமாக இருக்கும் அயனித் திரவங்கள் என்பவை 2000-ஆம் ஆண்டு முதல் இத்துறையில் புகுந்தன. அவையும் விலை மிக்கவை.

இன்னொரு வகையைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஏனெனில் அதில் கலந்திருப்பவை இரண்டும் நம் ஊர்க் கடைகளில் உள்ளவை. ஒன்று யூரியா, மற்றொன்று கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு. யூரியா 133 டிகிரியில் உருகுவது. கோலின் குளோரைடு 302 டிகிரியில் உருகுவது. கோலின் குளோரைடு ஒரு மூலக்கூறுக்கு யூரியா இரண்டு என்ற கணக்கில் கலந்தால் கலவை 12 டிகிரியிலேயே உருகித் திரவமாகிவிடுகிறது. பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால் அது மேலும் குளிர்ந்து உருகுவதை ஐஸ்கிரீம் செய்வோர் அறிவர், இதுவும் அவ்வகையினதே. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆப்பட் என்பவரும் அவர் குழுவினரும் 2003-இல் இதனை வெளியிட்டனர். நீரில் மிகுதியாகக் கரைத்த யூரியா புரதங்களின் மடிப்பை அவிழ்த்துவிடும் என்பது பழைய பாடம். அப்படியிருக்க, இக்கலவையில் லைபேஸ் குலையாமல் நன்கு வேலை செய்ததை 2008-இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் காட்டினர். இதைப் படித்துவிட்டு யாரும் உர மூட்டையையும் தீவனப் பொட்டலத்தையும் கலந்து பார்க்கப் புறப்பட வேண்டாம். யூரியா கோழிக்கு ஆகாது. ஆய்வுக்கூடத்துத் தூய்மையும் கடைச் சரக்கில் இராது.

திட்டம் கொண்டுவருவோரிடம் கேட்கவேண்டியவை

அண்மையில் எமது வட்டாரத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் இயக்குநர்கள், தம்மிடம் ஒரு விற்பனையாளர் தந்த திட்ட அறிக்கையோடு வந்தனர். அமிலம் ஏறிய பழைய தவிட்டெண்ணெயை மலிவாக வாங்கி, நொதி மணிகளைக் கொண்டு பயோடீசல் ஆக்கலாம் என்பது திட்டம். மணிகள் “தேயவே தேயா” என்று அதில் எழுதியிருந்தது. உறுப்பினர் நானூறு பேரின் பங்குத்தொகை முழுவதும் அதற்குச் செலவாகும். காட்டாமணக்கு பயிரிட்டால் டீசல் கொழிக்கும் என்று கூறக் கேட்டு 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் நிலத்தை ஒதுக்கி, எதிர்பார்த்த விளைச்சல் வாராமல் செடியைப் பிடுங்கி எறிந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களுடைய தயக்கம் நியாயமானதே.

மணிகள் தேயும். அவற்றைக் கெடுப்பவை எவை என்பதும் தெரிந்ததே. பயோடீசலுக்கு வேண்டிய மெத்தனால் எண்ணெயில் முழுதும் கரைவதில்லை. ஒரேயடியாக ஊற்றினால் கரையாத மெத்தனால் நொதியின் ஈரத்தைப் பறித்து அதனைக் கொன்றுவிடும். ஜப்பானில் ஒசாகா நகர ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஷிமாதா குழுவினர் 1999-இல் மெத்தனாலை மூன்று தவணையாக விட்டு, அதே மணிகளை 50 முறை பயன்படுத்திக் காட்டினர். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது தூய எண்ணெய். நமது பச்சைத் தவிட்டெண்ணெயில் கோந்தும் மெழுகும் உண்டு. இவை மணிகளின் துளைகளை அடைத்துவிடும். விளைவாக உண்டாகும் கிளிசரினும் மணிகளைப் போர்த்திக்கொள்ளும். கோந்து நீக்கும் கலம் திட்டத்தில் உண்டா, ஒரு கிலோ மணிக்கு எத்தனை கிலோ எண்ணெய் என்று எழுத்தில் உறுதி தருவாரா, அது குறைந்தால் புது மணி யார் செலவு என்று அவ்விற்பனையாளரிடம் கேட்கச் சொன்னோம். ஐந்து லிட்டர் நம் எண்ணெயையே கொடுத்து, பத்து முறை தொடர்ந்து செய்து காட்டச் சொல்லுமாறும் கூறினோம்.

மெத்தனாலைப் பற்றி இன்னொன்று. அது கொடிய நஞ்சு. அதனை வைத்திருக்க இம்மாநிலத்தில் 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. பீப்பாய்க் கணக்கில் அதனை ஊருக்குள் கொண்டுவரும் திட்டத்திற்கு ஊராட்சி மன்றம் இசைவு அளிக்குமுன், பூட்டும் பதிவேடும் யார் பொறுப்பில் இருக்கும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, எண்ணெயில் அமிலம் ஏறாமலே தடுத்துவிட்டால் நொதி மணிக்கும் மெத்தனாலுக்கும் தேவையே எழாது. பச்சரிசித் தவிட்டை ஆலையினின்று வெளிவந்த சில மணி நேரத்திற்குள் நீராவியில் வேகவைத்து உலர்த்திவிட்டால் அதிலுள்ள லைபேஸ் அழிந்துவிடும். “வெயிலில் நன்றாக உலர்த்தினால் போதாதா?” என்று பலர் கேட்கின்றனர். போதாது. மேலே கண்ட பரிசோதனையின் பாடம் இங்கேயும் பொருந்துகிறது. உலர்ந்த நொதி சூட்டைத் தாங்கும். வெயிலோ வறட்டு வறுவலோ தவிட்டின் ஈரத்தை முதலில் போக்கி, லைபேஸை விதைநெல் போல் விறைத்துக் கிடக்கச் செய்கிறது. மழைக்காலக் காற்றுப் பட்டதும் அது மறுபடி விழித்துக்கொள்ளும். ஈரத்தோடு கூடிய சூடே அதன் மடிப்பை அவிழ்க்க வல்லது. ஆகவே வேகவைத்தல் முதலிலும் உலர்த்துதல் பின்னும் நடைபெற வேண்டும், வரிசை மாறலாகாது.

எண்ணெயின் அமில அளவைப் பார்த்தே சால்வெண்ட் ஆலையார் தவிட்டுக்கு விலை வைக்கின்றனர். அந்த அளவைக் காண்பதற்குச் சிறிது சாராயம், அளந்த காரக் கரைசல், ஃபினாஃப்தலீன் சொட்டு, ஓர் அளவுக் குழாய் ஆகியவை போதும். மேல்நிலைப் பள்ளியில் இரசாயனம் பயின்ற பிள்ளைகள் எவரும் செய்துவிடக்கூடிய சோதனை இது. மேற்சொன்ன நிறுவனத்தார் பயோடீசல் திட்டத்தை ஒத்திவைத்துவிட்டு, இப்போது இரண்டு அரைவை ஆலைகளில் நீராவிக் கலம் பொருத்த விலைப்புள்ளி கேட்டிருக்கின்றனர். தவிட்டை விற்குமுன் தாமே அமிலம் பார்க்க ஓர் இளைஞரையும் பழக்கி வருகின்றனர்.